கரைவழி முக்குளிப்பு (மதுரைக்கு அருகில்)

படகின்றிக் கரையிலிருந்தே நடந்து இறங்கி, காற்றுக்கலத்துடன் கடலடியைக் காணும் ஸ்கூபா முறை கரைவழி முக்குளிப்பு எனப்படும். மதுரைக்குக் கடல் இல்லை. எளிதில் எட்டக்கூடிய இடம் சுமார் 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மண்டபம், இராமேசுவரம் பகுதியே.

இங்கே ஒரே நிலத்துண்டின் இருபுறமும் இரண்டு கடல்கள். மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் ஊரார் சொல்வர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்க, வடக்கு அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் நிலை தலைகீழாகும். இடத்தைவிட முதலில் தேர வேண்டியது காற்றை.

வடகரையில், கரைக்கு இணையாகச் சில நூறு மீட்டர் தள்ளிப் பவளத்திட்டு ஓடுகிறது. மீனவர் இதைப் 'பார்' என்பர். ஆழம் குறைவு, ஆனால் அலை சேற்றைக் கலக்கிவிட்டால் நீட்டிய கையே தெரியாது. மணலில் திருக்கை புதைந்திருக்கும் என்பதால், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும். தென்புறத்தில், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய பகுதிக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையலாகாது. அங்குள்ள பவளம் ஏற்கெனவே நீர்ச்சூட்டால் வெளிறி நலிந்தது.

நீரோட்டமும் தெளிவும் பற்றி இப்பகுதியின் சங்கு குளிப்போரிடம் கேட்டறிவது எந்த வரைபடத்தையும்விடப் பயன் தரும்.