ஷோரூம் பேரமும் ஒற்றை விலையும்: திருக்கோவிலூரிலிருந்து ஓர் ஒப்பாய்வு

திருக்கோவிலூரில் குடியிருப்பவர் புதுக் கார் வாங்க இன்று இரண்டு வழிகள் உண்டு. குடும்பத்தோடு விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போய், ஷோரூமில் உட்கார்ந்து பேசி முடிப்பது ஒன்று. வீட்டிலிருந்தே மாடலைத் தேர்ந்து, விலை கேட்டு, முன்பணம் கட்டி, வண்டியை வாசலுக்கு வரவழைப்பது மற்றொன்று. முதல் வழி பேரத்தில் ஓடுகிறது. இரண்டாவதில் பேரத்துக்கு இடம் குறைவு, சில நேரம் இல்லவே இல்லை. பல வருடச் சேமிப்பையும் ஐந்தாறு வருடக் கடனையும் ஒரே கையெழுத்தில் வைக்கும் குடும்பத்துக்கு எது நியாயம் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரக்கு யாருடையது?

ஷோரூமில் பேரம் ஏன் இருக்கிறது? வண்டி டீலருடையது. கம்பெனியிடம் பணம் கட்டி எடுத்து நிறுத்தியிருக்கிறார். நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. மாத இலக்கும் துரத்துகிறது. அதனால்தான் மாதக் கடைசியிலும் டிசம்பரிலும் தள்ளுபடி தாராளமாகிறது. அதே வண்டியை ஒருவர் ஒரு விலைக்கும் அடுத்தவர் வேறு விலைக்கும் வாங்குவது இதன் விளைவு.

ஒற்றை விலை வர ஒரு வழி, சரக்கு டீலரிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறுவது. 2021 அக்டோபரில் மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியா அதைத்தான் செய்தது. வண்டிகளைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பில்லையும் தானே போட்டு, நாடு முழுக்க ஒரே விலை என்றது; டீலர்கள் காட்டுவதையும் டெலிவரி கொடுப்பதையும் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1990-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த சாட்டர்ன் கார் பிராண்ட், பேரமில்லா விலையையே தன் அடையாளமாக்கியது. 2010-இல் அந்தப் பெயரே மூடப்பட்டாலும், அந்த எண்ணம் டெஸ்லா போன்ற நிறுவனங்களில் தொடர்கிறது.

ஹூண்டாயின் ‘கிளிக் டு பை’, டாடாவின் ‘கிளிக் டு டிரைவ்’ ஆகியவை கொரோனா ஆண்டான 2020-இல் நாடெங்கும் பரவின. இவற்றில் புக்கிங் இணையத்துக்கு வந்ததே தவிர, பின்னால் இருப்பவர் அதே டீலர்தான். ஆகவே ஆன்லைனில் வாங்கினாலே ஒற்றை விலை என்று எண்ணிவிடக் கூடாது.

விலையை உடைத்துப் பார்த்தால்

ஷோரூமில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரே எண்தான்: “ஆன்ரோடு எவ்வளவு?” அதற்குள் எக்ஸ்ஷோரூம் விலை, ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ், கூடுதல் வாரண்டி எல்லாம் அடங்கியிருக்கும். “மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்” என்று எழுந்து போனவர் திரும்பி வந்து பத்தாயிரம் குறைக்கிறார். அந்தப் பத்தாயிரம் இன்சூரன்ஸ் தொகையிலோ ஆக்சஸரீஸ் தொகையிலோ ஏறிவிட்டதா என்று சரிபார்க்க வாங்குபவருக்கு அங்கே நேரமும் இல்லை, தாளும் இல்லை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த ஆயுட்கால வரியைப் பாருங்கள். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். வரிக்கு எடுக்கும் விலை 9 லட்சமானால் வரி 1,17,000 ரூபாய். பத்தரை லட்சமானால் 1,89,000. மேல் வேரியன்ட்டுக்கு மாறியதால் வரியில் மட்டும் 72,000 கூடுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீத டி.சி.எஸ். பிடித்தமும் சேரும், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு அரசு நிர்ணயித்த தொகை. 2022 ஜூன் முதலான கட்டணத்தில் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையிலான புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கு 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. யாரிடம் எடுத்தாலும் அதேதான். கூடக் குறைய இடமிருப்பது சொந்தச் சேதக் காப்பீட்டில். தான் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்த முடியாது.

இந்தக் கணக்கைத் தூரத்திலிருந்து போடுவது எளிது. மூன்று டீலர்களிடம் ஒரே மாடல், ஒரே வேரியன்ட், ஒரே நிறம் சொல்லி, வரிவரியாகப் பிரித்த கொட்டேஷனை வாட்ஸப்பில் கேட்டால், மூன்று தாள்களும் ஒன்றையொன்று சோதிக்கும். குரல் உயர்த்தாமல் விலை இறங்கும். பேசத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடும் இங்கே மங்குகிறது. ஷோரூமுக்குத் தனியாகப் போகும் பெண்ணுக்கும், முதல் தலைமுறையாகக் கார் வாங்கும் விவசாயிக்கும் இது பெரிய விடுதலை.

பேரத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுபவர்கள் இருவருக்கும் மாடு தெரியும். பல்லும் சுழியும் தெரியும். அங்கே பேரம் சமமானவர்களின் பேச்சு. ஷோரூமில் டீலரின் கொள்முதல் விலையும் கமிஷனும் ஒரு தரப்புக்குத்தான் தெரியும். ஒற்றை விலையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: விலையை ஒருவரே வைக்கிறார், குறைக்கச் சொல்ல ஆளில்லை. போட்டிக் கம்பெனி இருக்கும்வரைதான் அந்த விலை அடங்கியிருக்கும்.

வண்டியைப் பார்ப்பது

இங்கே ஷோரூம் தெளிவாக முந்துகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அடிக்கடி ஏறுபவர், முழு ஆளோடு இரண்டாம் கியரில் வண்டி இழுக்கிறதா என்பதைத் திரையில் தெரிந்துகொள்ள முடியாது. முட்டி வலியுள்ள பெரியவர் பின் இருக்கையில் ஏறி இறங்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

வாசலுக்கு வரும் வண்டியிலும் ஒரு சோதனை இருக்கிறது. விற்பனைச் சான்றான படிவம் 21-இல் சேஸிஸ் எண்ணோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டிசம்பரில் செய்த வண்டி பிப்ரவரியில் வந்தால், மறுவிற்பனையில் அது ஒரு வருடம் பழையது. முழுப் பணம் கட்டும் முன்பே சேஸிஸ் எண்ணை எழுத்தில் வாங்கி, வண்டி வந்ததும் ஒப்பிட வேண்டும்.

பாண்டிச்சேரியில் வரி குறைவு என்று அங்கே பதிவு செய்யும் ஆசையையும் விட வேண்டும். குடியிருக்கும், வண்டியை வைத்திருக்கும் மாநிலத்தில்தான் பதிவு என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. தூரத்து டீலரிடம் தள்ளுபடி கிடைக்கலாம். வரி நம் மாநில வரிதான்.

வாங்கிய பிறகு

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை வைத்த ஓலா எலெக்ட்ரிக், 2021 செப்டம்பரில் ஸ்கூட்டர்களை முழுக்க இணையத்திலேயே விற்றது. டீலரும் இல்லை, பேரமும் இல்லை. பிறகு அதே நிறுவனம் ஊர்தோறும் சொந்தக் கடை திறந்து, 2024 டிசம்பரில் 4000 கடைகள் என்று அறிவித்தது. அதற்குச் சற்றுமுன், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் புகார்கள் தொடர்பாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. விற்பதற்குக் கடை வேண்டாம், பழுது பார்க்க ஆள் வேண்டும் என்பதே இதில் பாடம். எங்கே வாங்கினாலும் கம்பெனியின் எந்தச் சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி செல்லும். ஆனால் அந்தச் சென்டர் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் தூரத்திலிருந்து வாங்குபவர் பக்கம் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கிருந்தாலும் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அப்போது வாய்ப்பேச்சு உதவாது. வாட்ஸப்பில் வந்த கொட்டேஷன் உதவும்.

ஆக, வண்டியை அறிய ஷோரூம் சிறந்தது. விலையை அறியத் தூரம் சிறந்தது. திருக்கோவிலூர்க்காரர் ஓட்டிப் பார்க்க ஒருமுறை போகட்டும்; விலையை அங்கே முடிக்காமல் வீட்டுக்கு வந்து எழுத்தில் கேட்கட்டும். பேரம் தெரியாதவர் அதிகம் கொடுப்பதை அவருடைய குறை என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. பணம் வாங்கும் முன்பு, சேஸிஸ் எண்ணோடு வரிவரியாகப் பிரித்த விலைப்பட்டியலைக் கேட்காமலே தருவதை ஒவ்வொரு டீலருக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும். அது வந்தால் நேரில் போனவருக்கும் போகாதவருக்கும் ஒரே நியாயம் கிடைக்கும்.