2147483647

இரண்டின் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்; 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறெதுவும் இல்லை.

இது ஒரு பகா எண். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இலேயே தம் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார், நிரூபணம் தரவில்லை. அதைச் செய்தவர் கணிதவியலாளர் ஆய்லர், 1772-இல், கிட்டத்தட்ட முழுப் பார்வையும் போயிருந்த நிலையில். வகுத்துப் பார்க்க வேண்டிய எல்லை 46,340. அத்தனை எண்களையும் அவர் சோதிக்கவில்லை. இதற்கு வகு எண் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும் என்று காட்டினார். மற்றவை தாமாகவே கழிந்தன. கணக்கைவிட இந்தக் கழிவுதான் அழகு.

இதை இரண்டின் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் எட்டாவது நிறைவெண் (தன்னைத் தவிர்த்த வகு எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும்: 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் தேடப்போவதில்லை என்று 1811-இல் எழுதினார் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ. அவசரத் தீர்ப்பு! 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 39 இலக்கப் பகா எண் ஒன்றையே நிறுவி, அதைவிடப் பெரிய நிறைவெண்ணுக்கும் வழி திறந்தார்.

கணினியில் குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பும் இதே 2147483647தான். 2014-இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைக் கணக்கு இதைத் தாண்டும் நிலை வந்ததால், யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இந்த அளவில் எண்ணும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8.44 மணி 7 நொடிக்குப் பிறகு கணக்கு பிசகும்.