சித்தூருக்கு எத்தனை எழுத்து? சொற்புதிரும் உடன் ஆடுவோர் பேச்சும்

குறுக்கெழுத்துப் புதிரில் ‘சித்தூர்’ என்னும் ஊர்ப்பெயரைத் தமிழில் நிரப்ப நான்கு கட்டங்கள் வேண்டும்: சி, த், தூ, ர். அதே ஊரைத் தெலுங்கில் ‘சித்தூரு’ என எழுதுவோருக்கு மூன்று கட்டங்களே போதும்: சி, த்தூ, ரு. தமிழில் ஐந்து கட்டங்களை நிறைக்கும் திருப்பதி, ஒற்று மிகாத தெலுங்கு வடிவில் நான்கில் அடங்கிவிடும். தெலுங்கு எழுத்துமுறையில் ஒற்றும் அதனை அடுத்து வரும் உயிர்மெய்யும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிணைந்து ஓரெழுத்தாகும்; தமிழில் புள்ளி பெற்ற மெய் தனக்கென ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூர் வட்டாரத்தில், இணையத்தில் சொற்புதிர் ஆடுவோரிடையே “இது எத்தனை எழுத்து?” என்னும் வினா எழுந்தால் அது விளையாட்டு வினாவாக மட்டும் நின்றுவிடாது.

தமிழ் யாப்பு மரபோ வேறொரு கணக்கையும் வைத்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளை எழுத்தெண்ணி வகுக்கும்போது ஒற்றெழுத்தைக் கணக்கில் கொள்வதில்லை. நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு எனக் கட்டளைக் கலித்துறை எண்ணும் எழுத்துகளும் ஒற்று நீங்கலானவையே. அந்தக் கணக்கில் சித்தூர் இரண்டெழுத்து ஊர். கணினியின் கணக்கு இன்னொன்று. ஒருங்குறியில் ச, இகரக்குறி, த, புள்ளி, த, ஊகாரக்குறி, ர, புள்ளி என எட்டுக் குறிகள் வரிசையாகச் சேர்ந்துதான் சித்தூர் ஆகிறது. தெலுங்குச் ‘சித்தூரு’வும் எட்டுக் குறிகளே, இறுதியில் மட்டும் புள்ளிக்கு மாற்றாக உகரக்குறி. ஆக ஓர் ஊர், எட்டு, நான்கு, மூன்று, இரண்டு எனப் பலவாறு எண்ணப்படுகிறது. இவற்றுள் எதுவும் பிழையன்று. எழுத்து என்பதன் அலகை அந்தந்த ஆட்டத்தின் விதி வகுக்கிறது; அவ்விதியை ஆடுவோர் தம்முள் பேசியே நிலைநிறுத்துகின்றனர். இப்பேச்சு சொற்புதிருக்குப் புறம்பான அரட்டை என்று கருதப்படுவது அண்மைக்கால வழக்கம். இவ்வட்டாரத்தின் பழைய சொல்விளையாட்டு அதனை அவ்வாறு கருதவில்லை.

தெலுங்கு அட்டாவதானத்தை எடுத்துக்கொள்வோம். நடுவே அவதானி அமர்ந்திருப்பார். அவரைச் சூழ்ந்து எட்டுப் பேர் வினவுவோராக இருப்பர். அவர்களுக்குப் பிருச்சகர் என்று பெயர். ஒருவர் பொருந்தாத நான்கு சொற்களைத் தந்து அவற்றை ஒரு பாடலுக்குள் அமைக்கச் சொல்வார், இது தத்தபதி. இன்னொருவர் முரணாகவோ நாணத்தக்கதாகவோ ஒலிக்கும் ஓரடியைத் தந்து பாடலை நிறைவு செய்யச் சொல்வார், இது சமஸ்யை. முன்னடியின் இறுதியில் ஓரெழுத்தை ஒட்டவைத்துச் சொற்பிரிப்பை மாற்றி அம்முரணை உடைப்பது பலரும் கையாளும் உத்தி. புணர்ச்சி இலக்கணம் அறிந்தவருக்கு இதன் சுவை உடனே விளங்கும். வருணனை, ஆசுகவி, புராண படனம் ஆகியனவும் வழக்கமாக உண்டு. மணியோசையை எண்ணுவது போன்ற கவனச்சோதனைகளும் அரங்குக்கு ஏற்பச் சேரும்.

குறுக்கெழுத்துக்கு மிக நெருக்கமானது நியஸ்தாட்சரி. “இரண்டாம் அடியில் ஐந்தாம் எழுத்து இது, மூன்றாம் அடியில் பதினோராம் எழுத்து அது” என வினவுவோர் இடம் குறித்து எழுத்து தருவார்; அவதானி ஏனைய இடங்களைப் பொருளும் யாப்பும் கெடாமல் நிரப்புவார். உத்பலமாலை விருத்தமானால் அடிக்கு இருபது எழுத்து, சம்பகமாலையானால் இருபத்தொன்று. நான்கடிக்கு எண்பது அல்லது எண்பத்து நான்கு கட்டங்கள். தாளும் கோலும் இல்லாமல் அக்கட்டங்கள் அனைத்தும் நினைவிலேயே வரையப்படுகின்றன. நிஷித்தாட்சரி இதன் மறுதலை. அவதானி ஓரெழுத்தைச் சொன்னதும் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என ஊகித்து, அதற்கு வேண்டிய எழுத்தை வினவுவோர் விலக்குவார். அவதானி வேறு வழியில் செல்வார், அவ்வழியும் அடைபடும். இருவரும் ஒருவர் மனத்தை மற்றவர் படித்தபடியே பாடல் வளரும். ஆகவே பாடலை இருவரும் சேர்ந்தே ஆக்கினர் என்று சொல்வதும் தகும்.

எட்டாம் இருக்கைதான் இங்கு முதன்மையாக நோக்கத்தக்கது. அதில் இருப்பவரின் பணி அப்பிரஸ்துதப் பிரசங்கம், அதாவது இடம்பொருந்தாப் பேச்சு. அவதானி சிக்கலான அடியொன்றை மனத்தில் நெய்துகொண்டிருக்கும்போது இவர் ஊர்வம்பையோ உணவையோ பற்றி ஏதேனும் கேட்பார். அவதானி தட்டாமல் விடையிறுக்க வேண்டும். விடையில் நகையும் இருக்க வேண்டும். கூட்டம் பெரிதும் காத்திருப்பது இதற்காகவே. உடன் ஆடுவோரின் அரட்டை எட்டு உறுப்புகளுள் ஒன்றாகவே இங்கு விதிக்கப்பட்டிருக்கிறது.

இக்கலையின் பெயரோடு திருப்பதி பிணைந்திருப்பதில் ஒரு சிறு மயக்கம் உண்டு. தெலுங்கு அவதானத்தைப் பெருவழக்காக்கிய ‘திருப்பதி வேங்கட கவிகள்’ இவ்வூரினர் அல்லர். திவாகர்ல திருப்பதி சாஸ்திரி (1872–1920), செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி (1870–1950) என்னும் கோதாவரிப் பகுதிப் புலவர் இருவரின் பெயர்களும் இணைந்து அமைந்த இரட்டைப்பெயர் அது. ஆயினும் திருப்பதி நகரம் பிற்காலத்தில் அவதானத்திற்கு உரிய களங்களுள் ஒன்றாயிற்று. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அன்னமாச்சார்ய திட்டத்துக்கு இயக்குநராக விளங்கிய மேடசானி மோகன் தெலுங்குலகம் நன்கறிந்த அவதானி.

தமிழிலும் அவதானம் இருந்தது. ‘விநோதரசமஞ்சரி’ இயற்றிய அட்டாவதானம் வீராசாமிச் செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் சோடசாவதானம் சுப்பராயச் செட்டியார், பூவை கலியாணசுந்தர முதலியார், 1907ஆம் ஆண்டு சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் எனப் பெயர்கள் பல. ஆனால் தெலுங்கில் அவதானம் இன்றும் மேடையேறும் அளவுக்குத் தமிழில் ஏறுவதில்லை. பயிற்றுவோரும் புரப்போரும் குறைந்தது இதற்குரிய பொதுக் காரணம். எழுத்தலகு பற்றிய வேறுபாட்டுக்கும் இதில் சிறு பங்கு இருக்கலாம். தெலுங்கு விருத்தத்தில் ஒவ்வோர் எழுத்தும் அடியில் எண்ணிக்கையுள்ள ஓரிடம். ஆதலால் ‘ஐந்தாம் எழுத்து’ என்றால் ஐயத்துக்கு இடமில்லை. வெண்பாவோ அசையாலும் சீராலும் தளையாலும் நடப்பது. அதில் ‘ஐந்தாம் எழுத்து’ என்று கேட்டால் ஒற்றை எண்ணுவதா விடுவதா என்பதையே முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.

எழுத்தை விலக்கும் விளையாட்டைத் தமிழ் வேறு திசையில் வளர்த்தது. நிரோட்டகத்தில் ப, ம, வ முதலிய இதழொலிகளும் உகரம், ஒகரம் போன்ற இதழ்குவி உயிர்களும் பாடல் முழுவதும் விலக்கப்படும். விலக்கின் அலகு இங்கு வரிவடிவம் அன்று, ஒலி பிறக்கும் இடம். (இந்த உத்தி வடமொழியிலும் உண்டு, தண்டியின் ‘தசகுமார சரித’த்தில் காதலி கடித்த இதழோடு கதை சொல்லும் மந்திரகுப்தன் இதழொலியின்றியே பேசுகிறான்.) ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’ பாடிய துறைமங்கலம் சிவப்பிரகாசர், தம் உடன்பிறந்தார் கருணைப்பிரகாசர், வேலையர் ஆகியோரோடு ‘சீகாளத்திப் புராண’த்தின் ஆக்கத்திலும் பங்கு கொண்டவர். அக்காளத்தி இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தி. ஒலியை விலக்கி ஆடிய தமிழ்ப்புலவரின் பாட்டெல்லையும், எழுத்தை விலக்கி ஆடிய தெலுங்கு அவதானியரின் மேடையும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்துவிட்டன.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டப்புதிரிலிருந்து இக்காலக் குறுக்கெழுத்தின் வரலாறு தொடங்குகிறது. இந்திய இதழ்களில் அது பரிசுப்போட்டியாகப் பெருகியபோது ஆட்டத்தின் இயல்பே மாறிற்று. வினவுவோரும் விடுப்போரும் ஓரரங்கில் இல்லை. நுழைவுக்கட்டணத்தோடு கட்டத்தை நிரப்பி அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒரே குறிப்புக்கு ஓரெழுத்து மட்டும் வேறுபட்ட இரு சொற்கள் பொருந்தும். இரண்டில் எது சரி என்பது நடத்துவோர் கையில் இருக்கும். “என் சொல்லும் பொருந்துகிறதே” என்று வாதிட எதிரே எவரும் இல்லை.

அரசு இதனைச் சூதாகக் கண்டது. ஆந்திரம், சென்னை, பம்பாய் உள்ளிட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் இயற்றி வேண்டியதன்பேரில் நாடாளுமன்றம் 1955இல் பரிசுப்போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றியது. மாதப் பரிசுத்தொகை ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு போட்டிக்கு இரண்டாயிரம் விடைத்தாள்களுக்கு மேல் ஏற்கக்கூடாது, உரிமமும் வேண்டும். சித்தூர் மாவட்டம் 1953 முதல் ஆந்திரத்தில் இருந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. இருபுறமும் ஒரே சட்டம் என்பதால் திருத்தணிப் புதிராளருக்கு எல்லை மாற்றத்தால் இலாபமோ இழப்போ இல்லை.

பெங்களூரிலிருந்து வெளிவந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ இதழின்வழிக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தொடுத்த வழக்குகளில் உச்சநீதிமன்றம் 1957 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பளித்தது. சூதுத் தன்மையுள்ள போட்டி, அரசியலமைப்பு காக்கும் வணிக உரிமைக்குள் வாராது. 1955ஆம் ஆண்டுச் சட்டமோ வெற்றி பெரிதும் திறமையைச் சாராத போட்டிகளையே கட்டுப்படுத்தும் என்று முடிவாயிற்று. பின்னதைக் கூறிய தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் தோய்ந்த அவர் 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். திறமைக்கும் வாய்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கச்சேரி மேடையிலிருந்தும் அறிந்தவர் எனலாம். நீதிமன்றம் திறமை என்னும் அளவுகோலைக் கொண்டது. அவதானத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறொன்றும் புலப்படுகிறது. அவதானத்தில் விடை பொருந்துகிறதா என்பதை வினவியவரும் அவையும் கண்முன்னே ஒப்புகின்றனர். அஞ்சல் போட்டியில் அந்த ஒப்புதல் மூடிய உறைக்குள் போய்விட்டது. பேச்சு நீங்கிய இடத்தில் வாய்ப்பு புகுந்தது.

இணையச் சொற்புதிர் இந்தப் பேச்சை மீட்டது. ஜாஷ் வார்டில் 2021 அக்டோபரில் பொதுவில் வெளியிட்ட ‘வேர்டில்’ ஆட்டத்தில், விடையை வெளிப்படுத்தாமல் தாம் ஆடிய வழியை மட்டும் வண்ணக்கட்டங்களாக நண்பருக்குக் காட்டும் வழக்கத்தை முதலில் கைவினையாகச் செய்தவர்கள் நியூசிலாந்து ஆட்டக்காரர்களே. ஆட்டத்தை ஆக்கியவர் அதன் பின்னரே அதனை ஆட்டத்தில் சேர்த்தார். 2022 ஜனவரி இறுதியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ அதனை வாங்கும் அளவுக்கு அது பரவியதில் அச்சிறு கட்டங்களின் பங்கு பெரிது.

இவ்வகை ஆட்டத்தைத் தமிழில் ஆக்கும்போது பழைய வினா மீண்டும் தலைதூக்குகிறது. விடையில் ‘தூ’ இருக்க, ஆடுபவர் ‘தி’ இட்டால் அது முழுப்பிழையா? மெய் சரி, உயிர் தவறு என்று தனிநிறம் காட்டுவதா? ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துக்கு வகுத்த பச்சையும் மஞ்சளும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்குப் போதுமா? தெலுங்கில் ‘த்தூ’வை ஒரே கட்டமாகக் கொள்வதா, பிரிப்பதா? ஒருங்குறி அமைப்பும் இதனுள் வந்தது. 2023ஆம் ஆண்டின் 15.1 பதிப்பில் தெலுங்கு உள்ளிட்ட சில எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளை ஒரே அலகாகக் கொள்ளும் விதி சேர்ந்தது. தமிழுக்கு அவ்விதி இல்லை. பொதுவிதியின்படி கணினி எண்ணும்போது, தெலுங்குச் சித்தூருவில் நான்காக இருந்த அலகு மூன்றாகிவிட்டது. தமிழ்ச் சித்தூர் நான்காகவே நிற்கிறது.

இத்தகைய இடங்களில் ஆடுவோர் எழுப்பும் முறையீடுகள் மொழியியலாருக்கு அரிய தரவு. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் கொண்ட ஒருவர் எழுத்தின் எல்லையை எங்கே வகுக்கிறார் என்பதை வினாநிரல் வைத்துக் கேட்டுப் பெறுவது கடினம். கேட்கத் தொடங்கியதும் பள்ளி இலக்கணமே விடையாக வரும். ஆட்டத்தில் ஒரு கட்டத்தை இழந்த சினத்தில் வரும் வாதம் அப்படிப்பட்டதன்று.

அவதானத்தின் இறுதிப்பகுதி தாரணை. பல சுற்றுகளாகச் சிதறிக் கிடந்த பாடல்கள் அனைத்தையும் அவதானி நினைவிலிருந்து முழுமையாக ஒப்பிப்பார். சமஸ்யை, தத்தபதி, நிஷித்தாட்சரி, நியஸ்தாட்சரி ஆகிய எல்லாம் அப்போது திரும்ப வரும். பின்னர் அச்சேறும் தொகுப்புகளிலும் முதலிடம் பெறுபவை அப்பாடல்களே. எட்டாம் இருக்கைக்காரரின் பேச்சுக்குத் தாரணையில் இடமில்லை. அவையோர் சிரித்துக் கலைந்ததும் அதுவும் கலைந்துவிடும். ஐந்தாம் கட்டத்தில் ‘ர்’ வருமா வராதா என்று நள்ளிரவில் இருவர் கைப்பேசியில் நடத்திய வழக்கும் மறுநாள் புதிர் வந்ததும் மேலே நகர்ந்து மறைந்துவிடுகிறது.