இருளும் படைக்கலமும்

பகற்பொழுதிற் காக்கை கூகையை வெல்லும் என்னும் உண்மையைக் காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளில் வைத்தார் வள்ளுவர். பாரதத்துச் சௌப்திக பருவத்தில் இதன் மறுதலையைக் காண்கின்றோம். உறங்கிய காக்கைகளைக் கூகையொன்று இரவிற் கொன்றழித்தமை கண்ட அசுவத்தாமன், அதனையே பாடமாகக் கொண்டு பாண்டவர் பாசறையுட் புகுந்தான். அச்செயல் போரறத்துக்கு ஒவ்வாததென இன்றுவரை பழிக்கப்படுகின்றது. இருளை வென்றவன் போரையும் வெல்வான் என்னும் எண்ணம் இவ்வாறு மிகப் பழையதாம்.

அதனை மெய்ப்பிக்கும் அறிவியல் 1800ஆம் ஆண்டிற் பிறந்தது. ஞாயிற்றொளியை நிறங்களாகப் பிரித்து ஆராய்ந்த வில்லியம் ஹேர்ஷல், சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எந்நிறமும் தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியும் உயரக் கண்டார். அதுவே செங்கீழ்க்கதிர். மூன்றாண்டுகளின் பின், 1803இல், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியபோதும், அவ்வாண்டு ஒக்டோபர் 31இற் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் படையிடம் தோற்றபோதும், வன்னிக் காட்டின் இருள் இருதிறத்தார்க்கும் ஒன்றாகவே இருந்தது.

அச்சமநிலை 1945இற் குலையலாயிற்று. செருமானியரின் 'வம்பயர்' கருவியும், ஒக்கினாவாப் போரில் அமெரிக்கர் பயன்படுத்திய கருவியும் துப்பாக்கியிற் பொருத்திய செங்கீழ் விளக்கினால் இருளைத் துருவின. ஆயின், அவற்றுக்குரிய மின்கலத்தை வீரன் தனியே சுமக்க வேண்டியிருந்தது. 1960இல் மைமன் முதல் லேசரை இயக்கினார். 1962இல் தோன்றிய குறைகடத்தி லேசர், சிறு சில்லொன்றிலிருந்தே செங்கீழ்க்கதிரைப் பிறப்பித்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கையடக்கப் பெட்டியாகி றைபிளின்மேல் ஏறியது.

இதன் தொழிற்பாடு எளிது. இரவுப்பார்வைக் கண்ணாடி அணிந்தவன் துப்பாக்கியின் குறிகாட்டியிற் கண்ணை வைத்தல் அரிது. ஆதலின், குழலோடு இசைவித்த மெல்லிய கதிர் இலக்கின்மேற் புள்ளியிடும். அகன்ற மற்றொரு கதிர் சூழலுக்கு ஒளியூட்டும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் புலப்படா. புலப்படாமையாற் கண் இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளாது. வலிய கதிர் பார்வையையே கெடுக்கக்கூடும். எதிரியும் அத்தகைய கண்ணாடி அணிந்திருப்பின், கதிர் தன்னை ஏவியவனின் இருப்பிடத்தையே காட்டிக்கொடுக்கும்.

வன்னியில் இருளின் மதிப்பை இருதரப்பும் நன்கறிந்திருந்தன. 1996 யூலை 18 அதிகாலை இருளில் விடுதலைப் புலிகள் முல்லைத்தீவுப் படைத்தளத்தின்மீது தொடங்கிய தாக்குதலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். 2008 செப்ரெம்பர் 9ஆம் நாள், விடியுமுன், வவுனியாப் படைத்தலைமையகம் தரைவழியும் வான்வழியும் தாக்கப்பட்டது. புலிகளுக்காக ஏவுகணைகளோடு இரவுப்பார்வைக் கருவிகளையும் வாங்க முயன்றோர்மீது 2006இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. இருளிற் காணும் கண் எத்துணை அரும்பொருளாகக் கருதப்பட்டது என்பதற்கு அவ்வழக்கே சான்று.

எனினும், அக்கண்ணுக்கு ஒரு குறையுண்டு. அது உருவைக் காட்டும், ஆளை அறிவியாது. யானையும் பன்றியும் பயிரை அழியாவண்ணம் பரணிற் காவலிருப்பவனும், நீர்பாய்ச்ச மண்வெட்டியுடன் வரம்பில் நடப்பவனும் தொலைவிலிருந்து நோக்குவானுக்கு வெறும் உருவங்களே. தோளிற் கிடப்பது மண்வெட்டியா துப்பாக்கியா என்று தெளிவது கதிரின் வேலையன்று. அதன் பின்னால் நிற்கும் மனிதனின் வேலை.

இரு படைகளுமே கூகைகளாகிவிட்ட காலத்தில் இரவு எவர்க்கும் அரணன்று. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடியும்வரை எண்ணிறந்த வன்னி மக்கள் தம் இரவுகளைப் பதுங்குகுழிகளிலே கழித்தனர். எத்தளம் எந்நாள் வீழ்ந்தது என்பதைப் படைநூல்கள் குறித்துவைக்கும். அவ்விரவுகளை அம்மக்கள் எவ்வாறு கடந்தனர் என்பதையும் கேட்டறிந்து எழுதுதல், வன்னி வரலாற்றை எழுதப்புகும் நம் மாணவர்க்குக் கடனாம்.