ஒரு தழும்பின் வரலாறு



என் மகள் இரண்டாம் முறை கருவுற்றிருந்தபோது, “தலைச்சனை அறுவை செய்தே எடுத்தார்கள், இரண்டாவதும் அப்படித்தானா, அப்பா?” என்று வினவினாள். உற்றார் அனைவரும் ஆம் என்றனர். நானோ பல்லாண்டு வரலாறு கற்பித்த தலைமையாசிரியன். விதி எதுவாயினும் அதற்குப் பிறந்த இடமும் காலமும் உண்டன்றோ? அதைத் தேடலானேன்.

1916-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மகப்பேறு மருத்துவர் எட்வின் கிராகின் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருமுறை சிசேரியன் ஆனவளுக்குப் பின்னரும் அதுவே என்னும் கருத்து அக்கட்டுரையால் பரவியது. ஆனால் அவர் உரைக்க வந்தது யாது? முதல் அறுவையைத் தக்க காரணமின்றிச் செய்யலாகாது என்னும் எச்சரிக்கையே! விதிவிலக்கு உண்டென்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். நாளடைவில் எச்சரிக்கை மறைந்தது. விதி மட்டும் நிலைத்தது.

அன்று அவ்விதிக்குக் காரணம் இருந்தது. கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறுவதே அக்கால வழக்கம். பேற்றுவலியின்போது வலிந்து சுருங்குவது அப்பகுதியே. ஆதலின் பழைய தழும்பு பிளந்து தாயும் சேயும் மாய்தல் கூடும். 1926-இல் கிளாஸ்கோ நகரத்து மன்றோ கெர், கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தி எழுதினார். அத்தழும்பு உறுதி மிக்கது. நாளடைவில் கீறல் மாறிற்று. ஆயினும் அமெரிக்காவில் விதி மாறவில்லை!

1980-இல் அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் அவை, தகுதியுடைய தாய்மார் இயல்பான பேற்றை முயலலாம் என்றது. முயல்வோருள் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வெற்றி பெறுகின்றனர். ஆயினும் ஆயிரத்தில் ஏறத்தாழ ஐவர்க்குத் தழும்பு பிளத்தல் உண்டு. மறுபுறம், அறுவைகள் பெருகுந்தோறும், அடுத்த பேற்றில் நஞ்சு தழும்பிலே ஆழப் பதியும் இடரும் பெருகும். எனவே 2010-இல் கூடிய அவை, இரு வழியும் ஏற்புடையனவாயின் தாய்க்கு இரண்டையும் விளக்கி, இயன்றவரை அவள் விருப்பத்தை மதிக்குமாறு கூறியது.

என் மகளின் மருத்துவ அம்மையாரும் அவ்வாறே செய்தார். பழைய அறுவைக் குறிப்பை வருவித்துக் கீறல் குறுக்கானதே என்று உறுதி செய்தார். உடனடி அறுவைக்கும் ஆயத்தமாயிருந்தார். மகள் இயல்பான பேற்றை முயன்றாள். இடையிலே குழந்தையின் இதயத்துடிப்பு தளரவே, மீண்டும் அறுவையே நேர்ந்தது. இருவரும் நலம்.

“வீணாயிற்றே” என்றேன். “இல்லை அப்பா, முன்னே காரணம் அறியாமல் படுத்தேன், இம்முறை அறிந்து படுத்தேன்” என்றாள்.

நாளை உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், பலர் பெற்றோராவீர்கள். விதியைக் கேட்கும்போது அதன் காரணத்தையும் கேளுங்கள்.