பொங்கலும் பொங்காலையும்

தமிழரின் தைப்பொங்கலும் திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலையும் புதுப்பானையில் அரிசியும் வெல்லமும் இட்டுப் பொங்கவைத்துப் படைக்கும் சடங்குகள். படையலைப் பெறும் தெய்வத்திலும், பொங்கும் இடத்திலும், பொங்குவோரிலும் இவை வேறுபடுகின்றன.

காலமும் தெய்வமும்: தைப்பொங்கல் அறுவடையை ஒட்டித் தை முதல் நாளில் கதிரவனுக்குப் படைக்கப்படுவது. பொங்காலை, கும்ப (மாசி) மாதத்துப் பூர நாளில் பகவதிக்கு இடப்படுவது. பத்து நாள் திருவிழாவில் இது ஒன்பதாம் நாள். ஆற்றுக்கால் பகவதியைப் பக்தர்கள் கண்ணகியாகவே வணங்குகின்றனர். மதுரையை எரித்தபின் கொடுங்கல்லூர் செல்லும் வழியில் அவள் இங்கே தங்கினாள் என்பது தலபுராணம்.

சடங்கு முறை: தைப்பொங்கல் வீட்டு விழா. மஞ்சள் கொத்து கட்டிய பானை முற்றத்தில் ஏறும். பால் பொங்கியதும் குடும்பமே “பொங்கலோ பொங்கல்” என்று கூவும். பொங்காலையிடுவோர் பெண்கள் மட்டுமே. விரதமிருந்து வந்து, கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரம் தெருவோரங்களில் மூன்று செங்கல் அடுக்கி அடுப்புக் கூட்டுவர். விழா நாள்களில் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதை பாடப்படும். பாண்டியன் மாளும் பகுதி முடிந்ததும் கருவறை விளக்கிலிருந்து எடுத்த தீயால் கோயிலின் முதன்மை அடுப்பான பண்டார அடுப்பு மூட்டப்படும். செண்டை முழங்க, வெடி அதிர, பெண்கள் குரவையிட, மற்ற அடுப்புகளும் மூட்டப்படும். பிற்பகலில் பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்த பிறகே பானையை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

இரண்டுக்கும் நடுவே: 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், மண்டைக்காடு பகவதிக்கும் பெண்கள் பொங்கலிடுகின்றனர். ஆற்றுக்காலைப் போலவே மண்டைக்காடும் ‘பெண்களின் சபரிமலை’ எனப்படுகிறது. தலைநோய் தீர அங்கே மண்டையப்பமும், ஆற்றுக்காலில் பயற்றுமாவில் தலைவடிவாகப் பிடித்த மண்டப்புட்டும் படைக்கப்படுகின்றன.

அண்மைக் காலம்: ஒரே நாளில் பெண்கள் மிகுதியாகத் திரளும் விழாவாக 1997இல் 15 லட்சம் பேருடனும், 2009இல் 25 லட்சம் பேருடனும் ஆற்றுக்கால் பொங்காலை கின்னஸ் நூலில் இடம்பெற்றது. கொரோனாவால் 2021, 2022 ஆண்டுகளில் கோயிலில் பண்டார அடுப்பு மட்டுமே எரிந்தது. பெண்கள் அவரவர் வீட்டிலேயே பொங்கலிட்டனர். 2023இல் அடுப்புகள் மீண்டும் தெருவுக்கு வந்தன.