நட்சத்திரங்களின் ஆண்டு



எரிநட்சத்திரம் விழுந்தால் "யாரோ பெரிய மனுஷன் மௌத்தாப் போயிட்டார்" என்று மூத்தம்மாமார் சொல்ல, நம்மில் பலர் சின்ன வயதில் கேட்டிருப்போம். இது நமது ஊரில் பிறந்த கதையல்ல. இஸ்லாத்திற்கு முந்திய அரபிகளும் இப்படித்தான் நம்பினார்கள். ஓர் இரவு எரிநட்சத்திரம் பாய்ந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம் இதைக் கேட்டு, எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் அது எறியப்படுவதில்லை என்று திருத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு.

ஆனாலும் பழைய எண்ணம் அவ்வளவு இலேசாக விட்டுப் போகவில்லை. கி.பி. 902 ஒக்டோபரில் வட ஆபிரிக்காவை ஆண்ட அக்லபிய அமீர் இரண்டாம் இப்ராஹீம் தென் இத்தாலியில் ஒரு நகரை முற்றுகையிட்டிருந்தபோது நோயுற்று மரணித்தார். அதே மாதம் வானத்திலிருந்து மழைபோல் எரிநட்சத்திரங்கள் கொட்டின. எழுதியவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அந்த வருடத்திற்கே 'நட்சத்திரங்களின் ஆண்டு' என்று பெயர் வந்தது.

மீண்டும் ஹிஜ்ரி 599, முஹர்ரம் மாதக் கடைசி. அதாவது 1202 ஒக்டோபர். வெட்டுக்கிளிகள் போல நட்சத்திரங்கள் அங்குமிங்கும் பறந்தன. கியாமத் வந்துவிட்டதோ என்று நடுங்கிய சனங்கள் விடியும்வரை அழுது துஆ கேட்டார்கள். பயந்த அந்த இரவிலும் யாரோ திகதியைக் குறித்து வைத்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

ஏனென்றால் 1833 நவம்பர் 13 அதிகாலையில் அமெரிக்காவில் இதே காட்சி. அங்கும் பலர் உலகம் முடிந்தது என்றே நினைத்தார்கள். யேல் பேராசிரியர் ஒல்ம்ஸ்டெட் பார்த்தவர்களிடம் பத்திரிகை மூலம் தகவல் கேட்டுத் திரட்டினார். எல்லாம் சிங்க ராசியின் ஓரிடத்திலிருந்து பாய்வது போலத் தெரிந்தது. அதே யேலைச் சேர்ந்த ஹியூபர்ட் நியூட்டன் 1864இல் பழைய அரபு, சீனக் குறிப்புகளைத் தேடியெடுத்தார். 902இலிருந்து 1833 வரை 931 வருடங்கள். அதை 28 சுற்றாகப் பிரித்தால் ஒரு சுற்று முப்பத்து மூன்றேகால் வருடம். ஆகவே அடுத்தது 1866 நவம்பர் என்றார். ஐரோப்பா அந்த நவம்பரில் ஆயிரக்கணக்கில் எரிநட்சத்திரங்களைக் கண்டது! அந்த நேரத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த டெம்பல்–டட்டில் வால்வெள்ளி விட்டுச்செல்லும் தூசியே இதற்குக் காரணம் என்பதும் தெளிவானது.

(1899இலும் வரும் என்று உலகமே விழித்திருந்தது. வரவில்லை. வியாழனும் சனியும் தூசிப் பாதையை இழுத்து விலக்கியிருந்தன.)

அமீரின் மௌத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தக் குறிப்பு இல்லாமல் கணக்கு இவ்வளவு பின்னோக்கிப் போயிருக்காது.

இந்த எரிநட்சத்திரங்கள் ஒவ்வொரு நவம்பர் 17, 18இலும் வரும். சாதாரண வருடத்தில் மணிக்குப் பத்துப் பதினைந்துதான். நமக்கு அது மாரி காலம், முகில் விட்டால் அதிர்ஷ்டம். நள்ளிரவுக்குப் பின் கிழக்கே பாருங்கள், தஹஜ்ஜுதுக்கு எழும்புபவர்களுக்கு இலேசு. பிள்ளைகளையும் எழுப்புங்கள். எத்தனை கண்டீர்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், ஹிஜ்ரித் திகதியையும் சேர்த்து.